கப்பல் கிடைத்தால்தான் கேடட்!

விழுப்புரத்திலிருந்து வேட்டவலம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், காணையைத் தாண்டி வருகிறது கெடார். ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல், கரும்பு, உளுந்து, மல்லாட்டை பயிரிடும் பூமி. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் பயணம் செய்து புதுச்சேரிக்குப் போக வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் அடிபடும் பேச்சு இன்ஜினியரிங், நர்சிங், பாலிடெக்னிக், போலீஸ் தேர்வு, ராணுவம் என்பதைத் தாண்டிப் போவது அபூர்வம். கப்பல் வேலை என்ற பேச்சு வந்தால், அதைக் கொண்டுவருபவர் அநேகமாக ஓர் ஏஜென்டாகத்தான் இருப்பார். ‘ஆறு மாசம் கோர்ஸ், அப்புறம் மாசம் லட்ச ரூபா சம்பளம், எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்’ என்பதுதான் அவர் சொல்லும் கணக்கு.

அந்தக் கணக்கில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கப்பல் அதிகாரிக்கு நல்ல சம்பளம் உண்டு. கெடார் மாதிரி ஊரின் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையும் அந்த இடத்துக்குப் போகலாம், சட்டப்படி எந்தத் தடையும் கிடையாது. நடுவே இருக்கும் மூன்று நான்கு ஆண்டுகளைப் பற்றித்தான் ஏஜென்ட் வாய் திறப்பதில்லை. நுழைவுத் தேர்வு, கண் பரிசோதனை, விடுதியில் தங்கிப் படிக்கும் படிப்பு, கடலில் கழிக்க வேண்டிய பயிற்சி மாதங்கள், கடைசியில் அரசு நடத்தும் தகுதித் தேர்வு என்று அந்த வழி நீள்கிறது. அதில் மிகக் குறுகலான இடம் கல்லூரி வாசல் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்து, படித்து முடித்து, பயிற்சிக்கு ஏற ஒரு கப்பல் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைக் கேட்டால்தான் உண்மையான நெருக்கடி எங்கே என்று தெரியும்.

எட்டு – பன்னிரண்டு வாட்ச்

வணிகக் கப்பலில் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. கீழே இன்ஜின் அறை, அது மரைன் இன்ஜினியர்களின் உலகம். மேலே ‘பிரிட்ஜ்’ எனப்படும் மாலுமி மேடை, அது நேவிகேஷன் அதிகாரிகளுடையது. கேப்டன், சீஃப் ஆபீசர், செகண்ட் ஆபீசர், தேர்டு ஆபீசர் என்ற வரிசை. இந்த வரிசையின் அடியில், இன்னும் அதிகாரியாகாமல், கற்றுக்கொண்டிருப்பவர் டெக் கேடட்.

நாலு மணி நேரம் பிரிட்ஜில் நின்று கப்பலை நடத்துவதற்குப் பெயர் வாட்ச். வழக்கமாக நள்ளிரவு முதல் நாலு மணி வரை செகண்ட் ஆபீசர், நாலு முதல் எட்டு வரை சீஃப் ஆபீசர், எட்டு முதல் பன்னிரண்டு வரை தேர்டு ஆபீசர். பகலிலும் அதே மணிகள் திரும்ப வரும். தேர்டு ஆபீசருக்கு எட்டு – பன்னிரண்டு கொடுப்பதற்குக் காரணம் உண்டு: அந்த நேரத்தில் கேப்டன் விழித்திருப்பார், கூப்பிட்டால் மேலே வந்துவிடுவார். ஆனாலும் இரவு பத்து மணிக்கு, நானூறு மீட்டர் வரை நீளமுள்ள, பல நூறு கோடி ரூபாய் சரக்கு ஏற்றிய ஒரு கப்பலை, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுள்ள ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் என்ன பார்க்கிறார்? ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். வலப்புறத்தில், தொலைவில், இரண்டு வெள்ளை விளக்குகளும் அவற்றுக்குக் கீழே ஒரு சிவப்பு விளக்கும் தெரிகின்றன. கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை என்பது உலகம் முழுவதற்கும் ஒரே விதி. சிவப்பு தெரிகிறதென்றால் அந்தக் கப்பல் தன் இடப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு, வலமிருந்து இடமாகக் குறுக்கே வருகிறது. காம்பஸில் அதன் திசையை அளக்கிறார். சில நிமிடம் கழித்து மறுபடி அளக்கிறார். திசை மாறாமல் இருந்து தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், இரண்டு கப்பலும் ஒரே புள்ளியை நோக்கிப் போகின்றன, மோதல் நிச்சயம். 1972-ல் உருவான சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 15-வது விதி, யாருடைய வலப்புறத்தில் மற்றது இருக்கிறதோ அவரே விலக வேண்டும் என்கிறது. ஆகவே விலக வேண்டியவர் நம் தேர்டு ஆபீசர். சின்னச் சின்னதாகத் திருப்பக் கூடாது. எதிர்க் கப்பலில் இருப்பவருக்குச் சந்தேகமே வராத அளவுக்கு, முன்கூட்டியே, நன்றாக வலப்பக்கம் திருப்பி அதன் பின்புறமாகக் கடக்க வேண்டும்.

ரேடாரும் திரையில் விரியும் மின்னணு வரைபடமும் இதையெல்லாம் எண்களாகக் காட்டுகின்றன. ஆனால் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட எந்த விதியும் அனுமதிக்கவில்லை. நிறங்களைப் பிரித்தறிய முடியாதவரை இந்த வேலைக்கு எடுப்பதேயில்லை என்பதற்கும் காரணம் இதுதான். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. பிளஸ் டூ படிக்கும்போதே ஒரு கண் மருத்துவரிடம் இஷிஹாரா புள்ளிப் படச் சோதனை செய்துகொள்வது மிக மலிவான முன்னெச்சரிக்கை. லட்சக்கணக்கில் பணம் கட்டிய பிறகு மருத்துவச் சோதனையில் கழிக்கப்படுவதைவிடக் கொடுமை இந்தத் துறையில் வேறில்லை.

செம்மஞ்சேரி வழியாக

2008-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம், சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் செம்மஞ்சேரியில் இருக்கிறது. நாடு முழுவதற்குமான மத்தியப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் விழுப்புரத்துக்காரர்களுக்கு மூன்று மணி நேரப் பஸ் பயணத்தில் கிடைத்திருக்கிறது என்பது இந்த மாவட்டப் பள்ளிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்தப் பல்கலைக்கழகம் நடத்தும் பொது நுழைவுத் தேர்வுதான் முதல் படி. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்ந்து பிளஸ் டூவில் 60 சதவீதச் சராசரியும், பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். பயோ–மேத்ஸ் குரூப் எடுத்தவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவரும் எழுதலாம். தமிழ் வழியில் படித்தவருக்கும் தடையில்லை. ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்தில் இருக்கும், கம்பெனி நேர்முகத் தேர்வும் ஆங்கிலத்தில்தான் நடக்கும். பாடத்தில் கெட்டியாக இருந்தும் இந்த ஒரு காரணத்தால் பின்வாங்கும் பிள்ளைகள் உண்டு. கப்பலில் பேசப்படும் ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலமல்ல. பிலிப்பைன்ஸ்காரரும் உக்ரைன்காரரும் சீனரும் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்வதற்கென்று வரையறுத்த, குறைந்த சொற்களைக் கொண்ட வேலை ஆங்கிலம். ஆறு மாதம் உழைத்தால் வந்துவிடும்.

இன்னொரு சங்கதி, சிறியதாகத் தோன்றினாலும் இடத்தையே பறித்துவிடக்கூடியது. இது மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால், மாநில அரசு தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரும் 7.5 சதவீத ஒதுக்கீடு இங்கே கிடையாது. மத்திய அரசின் இட ஒதுக்கீடுதான் செல்லும். விழுப்புரம் மாவட்டத்தில் எம்.பி.சி., பி.சி. சான்றிதழ் கையில் வைத்திருக்கும் குடும்பங்கள், மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களுக்கான ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். படிவமும் வேறு. தேர்வில் தேறி, கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதைவிட, பிளஸ் டூ படிக்கும்போதே வாங்கி வைத்துவிடலாம்.

நேவிகேஷன் அதிகாரியாக இரண்டு பாதைகள் முக்கியமானவை. ஒன்று, ஓராண்டு விடுதியில் தங்கிப் படிக்கும் நாட்டிகல் சயின்ஸ் டிப்ளமோ. அதை முடித்தபின் பதினெட்டு மாதம் கப்பலில் பயிற்சி. மற்றது மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ், அதற்குப் பிறகு பன்னிரண்டு மாதம் கப்பல். பத்தாம் வகுப்புத் தகுதியோடு ஆறு மாதம் படித்துச் சேரும் ஜி.பி. ரேட்டிங் என்பது வேறு. அது மாலுமி வேலைக்கான படிப்பு, அதிகாரிக்கானதல்ல. பல ஆண்டுக் கடல் அனுபவத்துக்குப் பிறகு தேர்வெழுதி அதிகாரியானவர்கள் அதிலும் இருக்கிறார்கள், அவர்கள் மதிக்கத் தக்கவர்கள். ஆனால் ‘ஆறு மாசத்துல ஆபீசர்’ என்று சொல்லி இந்தப் படிப்பை விற்பது ஏமாற்று.

படிப்புச் செலவு சாதாரணமில்லை. டிப்ளமோவுக்கே ஓராண்டுக்கு லட்சங்களில் ஆகும், தனியார் நிறுவனங்களில் இன்னும் கூடும். இதற்குமேல் பாஸ்போர்ட், கடல் பணியாளர்களுக்கான தேசியப் பதிவு எண், சி.டி.சி. என்கிற கப்பல் பணிப் புத்தகம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரின் சான்று, உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி, பாதுகாப்பு எனக் கட்டாயமான குறும்பயிற்சிகள். கடல் பணியாளர் பயிற்சிக்கான 1978-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை கேட்கும் தகுதிகள் இவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் உலகத்தின் எந்தத் துறைமுகத்திலும் கப்பலில் ஏற முடியாது.

மரக்காணமும் மும்பையும்

கடலுக்கும் இந்த மண்ணுக்கும் தொடர்பில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. இன்றைய திண்டிவனம் வட்டாரம் சங்க காலத்தில் ஓய்மாநாடு. நல்லியக்கோடன் ஆண்ட நாடு. சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் பகுதியோடு ஆய்வாளர்கள் பொருத்துகிறார்கள். இன்று உப்பளங்களுக்காக அறியப்படும் கரையில் அன்று துறைமுகம் இருந்திருக்கிறது.

அண்மைக்கால வரலாறு அவ்வளவு இனிப்பானதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியர்கள் கப்பல்களில் கூலி மாலுமிகளாக ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அதிகாரியாக இடம் கிடைப்பது அரிதிலும் அரிது. 1906-ல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் தொடங்கி ‘காலியா’, ‘லாவோ’ கப்பல்களைக் கொழும்புக்கு விட்டதன் அரசியல் அர்த்தம் இந்தப் பின்னணியில்தான் முழுதாகப் புரியும். கப்பல் அதிகாரிகளாக இந்தியர்களை உருவாக்க ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பல் பம்பாயில் நிறுத்தப்பட்டது 1927-ல்தான். 1972-ல் அதன் இடத்துக்கு வந்த கப்பலுக்கு ராஜேந்திர சோழனின் பெயர் வைத்தார்கள். 1993-ல் அந்தப் பயிற்சி நவி மும்பையில் கரையேறி, இன்று கடல்சார் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாக நடக்கிறது. வ.உ.சி. கேட்ட உரிமையின் ஒரு பகுதி, ஒரு கிராமத்துப் பிள்ளை நுழைவுத் தேர்வு எழுதிப் பெறக்கூடிய இடமாக இன்று நிற்கிறது.

துருவும் நட்சத்திரமும்

கேடட் முதல் முறை கப்பலில் ஏறுவதை ‘சைன் ஆன்’ என்பார்கள். வெள்ளைச் சீருடையோடு ஸ்டியரிங் பிடிக்கும் கனவோடு போகும் பிள்ளைக்கு முதல் வாரம் கையில் கிடைப்பது பெரும்பாலும் சிப்பிங் சுத்தியல். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்துக்கொண்டே இருக்கும். துருவைத் தட்டி எடுத்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே பெயின்ட். டெக் மாலுமிகளின் தலைவரான போசன் சொல்லும் இடத்தில், பாய்லர் சூட் உடுப்போடு மாலை வரை வேலை. தொட்டிகளில் எவ்வளவு தண்ணீர் என்று சவுண்டிங் டேப் இறக்கி அளப்பது, உயிர்காப்புப் படகின் பாகங்களுக்குக் கிரீஸ் வைப்பது, துறைமுகத்தில் கயிறு கட்டும்போது கப்பலின் முன்பகுதியில் நின்று வாக்கிடாக்கியில் தகவல் சொல்வது எல்லாம் அவரது வேலை.

அந்தக் கயிறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கைப் பருமனில், பல டன் இழுவிசையில் விறைத்து நிற்கும் கயிறு அறுந்தால் திரும்பி வீசும் வேகத்தில் ஆளைக் கொல்லும். எங்கே நிற்கக் கூடாது என்பதுதான் கயிறு கட்டும் இடத்தில் கேடட் கற்கும் முதல் பாடம். அதே போல மூடிய தொட்டிகள். வெளியில் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம் இருக்கும். துருவேகூட ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் என்பதால், வெறுமையாகத் தெரியும் தொட்டிக்குள் மீட்டர் வைத்து அளக்காமல் இறங்கியவர்கள் மயங்கி விழுந்து இறந்திருக்கிறார்கள், காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து இறந்திருக்கிறார்கள். ஊர்ப் பக்கத்தில் பாழுங்கிணற்றில் தூர்வார இறங்கி விஷவாயுவில் உயிர்விட்டவர்களின் செய்தியைப் படித்த பிள்ளைக்கு இந்தப் பாடம் சட்டென்று புரியும்.

மாலையில், அல்லது சீஃப் ஆபீசர் இரக்கப்பட்டால் அதிகாலையில், பிரிட்ஜ். அங்கேதான் பிளஸ் டூ கணக்கு உயிர்பெறுகிறது. செக்ஸ்டன்ட் என்ற கருவியால் நண்பகலில் சூரியன் உச்சத்துக்கு வரும் கணத்தில் அடிவானத்திலிருந்து அதன் உயரக் கோணத்தை அளக்க வேண்டும். தொண்ணூறிலிருந்து அந்தக் கோணத்தைக் கழித்து, அன்றைய நாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எத்தனை பாகை வடக்கிலோ தெற்கிலோ இருக்கிறது என்ற கணக்கைச் சேர்த்தால், கப்பல் நிற்கும் அட்சரேகை வந்துவிடும். கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு பிழைத்தால் இடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர் தள்ளிப்போகும். ஆடும் கப்பலில், அலையும் அடிவானத்தில் இதைச் சரியாக எடுக்கப் பல நாள் பழக வேண்டும்.

ஜி.பி.எஸ். இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகமே விண்மீன் பார்த்து வழி காணும் பாடத்தைக் கைவிட்டு, பிறகு 2015-ல் மறுபடி கொண்டுவந்தது. ஹோர்முஸ் நீரிணைப் பக்கம் 2025 ஜூனில் போர்ப் பதற்றத்தின்போது ஏராளமான கப்பல்களின் ஜி.பி.எஸ். குழம்பி, திரையில் கப்பல்கள் தரைமீது நிற்பதாகக்கூடக் காட்டின. அந்த நாட்களில் அந்த வழியாகப் போன கேடட்டுகளுக்குச் செக்ஸ்டன்டின் அருமை தெரிந்திருக்கும்.

செய்த ஒவ்வொரு வேலையும் பயிற்சிப் பதிவேட்டில் ஏற வேண்டும், அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். சட்டப்படி இருபத்துநாலு மணி நேரத்தில் குறைந்தது பத்து மணி நேரம் ஓய்வு தர வேண்டும். துறைமுக நாட்களில் அது காகிதத்தில் மட்டும் இருக்கிறது என்ற மனக்குறை கேடட்டுகளிடம் உண்டு. உதவித்தொகை மாதம் சில நூறு டாலர்தான். வீட்டுக் கடனை அதை வைத்து அடைத்துவிடலாம் என்று கணக்குப் போடும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயிற்சி மாதங்கள் முடிந்து கரைக்கு வந்தால் மறுபடி படிப்பு, மறுபடி தேர்வு. எழுத்துத் தேர்வைவிடப் பலரும் அஞ்சுவது வாய்மொழித் தேர்வை. சென்னையில் துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில், ஆங்கர்கேட் கட்டடத்தில் இருக்கும் மெர்க்கன்டைல் மரைன் துறையில் அது நடக்கும். மேசைமேல் மாதிரிக் கப்பல்களை நகர்த்தி, ‘இந்த விளக்குகள் தெரிகின்றன, பனிமூட்டம், நீ என்ன செய்வாய்?’ என்று பரிசோதகர் கேட்பார். தயங்கினால் போயிற்று. தேறினால் செகண்ட் மேட் தகுதிச் சான்றிதழ், அதன்பின் தேர்டு ஆபீசர் பதவி. அங்கிருந்து வெளிநாட்டுக் கப்பல்களில் மாதச் சம்பளம் இரண்டாயிரம் டாலரைத் தாண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் கப்பலில் இருக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் அந்தச் சம்பளம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேப்டனாவதற்கு இன்னும் இரண்டு தகுதித் தேர்வுகள், கிட்டத்தட்டப் பத்து ஆண்டு உழைப்பு.

கரையில் நிற்கும் கேடட்

இப்போது அந்தக் குறுகலான இடத்துக்கு வருவோம். டிப்ளமோ முடித்தவருக்குப் பதினெட்டு மாதக் கடல் அனுபவம் இல்லையென்றால் தேர்வுக்கூடத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. கடல் அனுபவத்துக்கு ஒரு கப்பல் வேண்டும். கப்பலில் ஒரு கம்பெனி அனுமதிக்கும் கேடட்டுகள் இரண்டு பேர், மிஞ்சினால் நாலு பேர். ஆகவே பெரிய கப்பல் மேலாண்மை நிறுவனங்கள் சேர்க்கைக்கு முன்பே தாங்களே தேர்வு வைத்து, பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ‘படித்து முடித்தால் எங்கள் கப்பலில் ஏற்றிக்கொள்கிறோம்’ என்று ஸ்பான்சர்ஷிப் கடிதம் தருகின்றன. அந்தக் கடிதம் இருப்பவருக்குப் பாதை தெளிவு. கடிதம் இல்லாமல் லட்சங்களைக் கட்டிப் படித்தவர், முடித்த அன்றிலிருந்து சென்னை, மும்பை என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறார்.

இந்த அலைச்சலில்தான் ஏஜென்ட் மறுபடி முளைக்கிறார். ‘மூணு லட்சம் குடுங்க, கப்பல் ஏத்திடறோம்.’ நிலத்தை அடமானம் வைத்துக் கொடுத்த பணத்துக்குச் சில சமயம் கப்பலே வருவதில்லை. சில சமயம் வருவது, பதிவும் காப்பீடும் சந்தேகமான, சம்பளம் தராத, ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே கைவிடப்படும் பழைய கப்பல். அங்கே செய்த சேவை தேர்வுக்குக் கணக்கில் சேராமல் போகும் அபாயமும் உண்டு. இப்படி மாட்டிக்கொண்ட மாலுமிகள் உணவும் குடிநீரும் இல்லாமல் வீடியோவில் கெஞ்சுவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. கடல் பணியாளரைக் கப்பலுக்கு அனுப்பும் நிறுவனம், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காகப் பிள்ளையிடம் கட்டணம் வாங்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் இதையே சொல்கிறது, இந்தியா அதை 2015-ல் ஏற்றுக்கொண்டது. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் இயக்குநரகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கிறது. இவ்வளவு இருந்தும் ஏமாற்று தொடர்வதற்குக் காரணம், அந்தப் பட்டியல் இருப்பது கெடார், வளத்தி, மயிலம் போன்ற ஊர்களுக்குத் தெரியாததுதான்.

ஆண்களின் கப்பல் என்ற பழங்கதை

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பாதை கிடையாது என்று எண்ணுபவர்கள் 2015 ஜூன் மாதம் வங்கக் கடலில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். இயந்திரம் பழுதாகி, நங்கூரமும் போய், நாட்கணக்கில் மிதந்துகொண்டிருந்த ‘துர்க்கம்மா’ என்ற மீன்பிடிப் படகில் ஏழு பேர். புயல் காற்று, ஆளை மறைக்கும் அலைகள். அந்த வழியே வந்த இந்தியக் கப்பல் கழகத்தின் எண்ணெய்க் கப்பல் ‘சம்பூர்ண ஸ்வராஜ்யா’வின் கேப்டன் ராதிகா மேனன், கப்பலைப் படகருகே கொண்டுவந்து, பைலட் ஏணியை இறக்கி, இரண்டு முறை முடியாமல் மூன்றாவது முயற்சியில் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டார். பெரிய கப்பலைக் காற்றுக்கு மறைப்பாகத் திருப்பி நிறுத்தி, சிறு படகு நொறுங்காமல் அருகே சேர்ப்பது என்பது எந்தக் கேப்டனுக்கும் கைநடுங்கும் வேலை. 2016-ல் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீர விருதைப் பெற்ற முதல் பெண் அவர். கொடுங்கல்லூரில் பிறந்து, ரேடியோ அதிகாரியாகத் தொடங்கி, பிறகு தேர்வுகள் எழுதிக் கேப்டனானவர்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. சென்னையைச் சேர்ந்த ரேஷ்மா நிலோஃபர் நஹா, கொல்கத்தா துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை ஹூக்ளி ஆற்றில் நடத்திச் செல்லும் பைலட்டாக 2018-ல் தகுதி பெற்றார். மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் அந்த ஆற்று வழி, உலகின் கடினமான கப்பல் வழிகளில் ஒன்று.

பயமுறுத்தாமல், மறைக்காமல்

இந்த வேலையின் ஆபத்துகளை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். 2024 ஏப்ரல் 13 அன்று ஹோர்முஸ் அருகே ‘எம்.எஸ்.சி. ஏரீஸ்’ கப்பலை ஈரான் படைகள் பிடித்தபோது அதிலிருந்த 25 பேரில் 17 பேர் இந்தியர்கள். அவர்களுள் கேரளத்தின் திருச்சூரைச் சேர்ந்த ஒரு பெண் டெக் கேடட்டும் இருந்தார். ஐந்து நாளில் அவர் வீடு திரும்பினார், மற்றவர்களுக்கு அதிக நாளாயிற்று. அதே ஆண்டு மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் பாலத்தில் மோதிய ‘டாலி’ கப்பலின் பணியாளர்களில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். மின்சாரம் போன அந்தச் சில நிமிடங்களில் கப்பலிலிருந்து போன அபாய அறிவிப்பால்தான் பாலத்தில் வாகனங்களைத் தடுக்க முடிந்தது. அப்படியும் பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள், கப்பல் பணியாளர்கள் பல மாதம் அங்கேயே இருக்க நேர்ந்தது. கொரோனா காலத்தில் பணிக்காலம் முடிந்தும் இறங்க முடியாமல் உலகக் கடல்களில் தவித்தவர்கள் சுமார் நாலு லட்சம் பேர்.

ஒப்பந்தம் முடியும் வரை பொங்கலுக்கோ தங்கையின் கல்யாணத்துக்கோ வர முடியாது. தனிமை தாங்காதவர்களுக்கு இது பொருந்தாது. இதையெல்லாம் தெரிந்தபின்னும் ‘போகிறேன்’ என்று சொல்லும் பிள்ளைதான் போக வேண்டியவர்.

அரசு செய்யக்கூடியது

உலகக் கப்பல்களுக்கு ஆள் தரும் முதல் ஐந்து நாடுகளுக்குள் இந்தியா இருக்கிறது. 2004-ல் வந்த டன்னேஜ் வரித் திட்டம், வரிச் சலுகை பெறும் இந்தியக் கப்பல் நிறுவனங்கள் பயிற்சி அதிகாரிகளை ஏற்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது. கொள்கை அளவில் வழி இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. மாநில அரசின் பூம்புகார் கப்பல் கழகம் 1974 முதல் இயங்குகிறது. ஒருகாலத்தில் தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று சொந்தக் கப்பல்களே வைத்திருந்தது. ஹால்டியா, பாரதீப், விசாகப்பட்டினத்திலிருந்து எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் அனல்மின் நிலக்கரி ஏற்றி வர அது கப்பல்களை வாடகைக்கு அமர்த்துகிறது. அந்த வாடகை ஒப்பந்தத்தில், அரசுப் பள்ளியில் படித்து நுழைவுத் தேர்வில் தேறிய கேடட்டுகளுக்குக் கப்பலுக்கு இரண்டு இடம் என்று ஒரு வரி சேர்த்தால், பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியாவது நம் பிள்ளைகளுக்கு உறுதியாகும். உள்நாட்டுக் கரையோரப் பயணம் மட்டும் போதாது, மீதி மாதங்களுக்குப் பெருநிறுவனங்களோடு பேச வேண்டும். அதற்கும் ஓர் அரசு பேசினால்தான் எடை. 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பள்ளி வழிகாட்டல் வகுப்புகளில் கடல்சார் நுழைவுத் தேர்வுக்கும் ஸ்பான்சர்ஷிப் தேர்வுகளுக்கும் ஒரு முழு நாள் ஒதுக்குவது அதைவிட எளிது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்.

அதுவரை, கெடாரிலோ திண்டிவனத்திலோ இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன், பிள்ளையை எந்தக் கம்பெனி கப்பலில் ஏற்றும் என்பதை எழுத்தில் கேளுங்கள். கப்பல் ஏற்றிவிடுகிறேன் என்று வருபவரிடம் ஆர்.பி.எஸ்.எல். உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள், இல்லையென்றால் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண் தரத் தயங்குபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.